பின் பிரேக் சத்தம்: கேட்கும் நேரத்தை வைத்துப் பழுதைப் பிடிப்பது

தூத்துக்குடிக் காற்றில் எப்போதும் கொஞ்சம் உப்பு கலந்திருக்கும். 2004-இல் வாங்கிய என் மாருதி 800 அந்தக் காற்றில்தான் இருபது ஆண்டுகளாகக் கூரையில்லாமல் நிற்கிறது. முன் சக்கரங்களில் டிஸ்க், பின் சக்கரங்களில் டிரம். டிஸ்க்கில் பழுது வந்தால் சக்கரத்தின் இடுக்கு வழியாகவே எட்டிப் பார்த்துவிடலாம். டிரம் அப்படியில்லை. மூடிய சட்டிக்குள் எதுவோ உருளுகிற கதைதான். என் காரில் பலமுறை, மைத்துனரின் ஆம்னியில் மூன்று முறை, மாமாவின் அம்பாசடரில் கணக்கில்லாமல் அந்தச் சட்டியைத் திறந்து மூடியிருக்கிறேன்.

முதல் தடவை எனக்கு ஒன்றும் தெரியாது. பட்டறையில் "பின்னால் சத்தம்" என்று சொன்னேன், டிரம்மின் உள்சுவரை உரசிச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த ஷூக்களை மாற்றினார்கள். ஒரு வாரத்தில் சத்தம் திரும்பி வந்தது. மறுபடியும் ஷூ மாற்றினார்கள். மூன்றாவது முறை நானே காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தபோதுதான், ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து இழுத்த இடத்திலேயே நிற்பது தெரிந்தது. அதற்குள் இரண்டு செட் ஷூ குப்பைக்குப் போயிருந்தது. அன்றிலிருந்து "என்ன மாதிரிச் சத்தம்" என்ற கேள்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டேன். சத்தத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஒருவருக்குக் கீச்சென்று கேட்பது இன்னொருவருக்குக் கரகர. எப்போது கேட்கிறது என்பதில் மட்டும் யாருக்கும் குழப்பமில்லை. கீழே உள்ள தலைப்புகளை அந்த "எப்போது" என்பதை வைத்தே பிரித்திருக்கிறேன்.

## எதையும் கழற்றுவதற்கு முன்

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி, போன மாதம் கோயிலுக்குப் போனபோது உருண்டு ஒளிந்த தேங்காய் வரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். இரண்டு நாள் நான் பிரேக்கில் தேடிய ஒரு "டொக்", கொக்கியிலிருந்து நழுவிய ஜாக்கியின் வேலை. பிரேக் பிடிக்கும்போது அது முன்னால் நகர்ந்து முட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து டயர் இடுக்கில் கல் இருக்கிறதா, வீல் கப் தளர்ந்திருக்கிறதா, வீல் நட் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர் வளையங்களையும் ஆட்டிப் பாருங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

இப்போது ஹேண்ட் பிரேக் சோதனை. பின் பிரேக்கைத் தனியாகப் பிரித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. இந்தப் பழைய கார்களில் கால் பிரேக் நான்கு சக்கரத்தையும் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் பின்னால் இரண்டை மட்டும் பிடிக்கும். ஆளில்லாத, நேரான, காய்ந்த சாலையில், பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, கைப்பிடியின் பொத்தானை அழுத்தியபடியே ஹேண்ட் பிரேக்கை மெல்ல உயர்த்துங்கள். பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் பல்லில் மாட்டிக்கொண்டு சக்கரம் பூட்டிவிடும். சத்தம் வந்தால் பழுது பின் டிரம்மில். கால் பிரேக்கில் வந்து ஹேண்ட் பிரேக்கில் வராவிட்டால் முன் சக்கரங்களைப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். காருக்குள் சத்தம் திசை மாறிக் கேட்கும். முன் டிஸ்க் கீச்சிடுவதைப் பின் சீட்டில் இருப்பவர் பின்னால்தான் என்று சத்தியம் செய்வார்.

## தூக்குவதில் கவனம்

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். செங்கல் வேண்டாம், நொறுங்கிவிடும். பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டும். மாருதி 800 போல முன் சக்கரம் இழுக்கும் காரானால் முதல் கியரில் போட்டுவைத்தால் கூடுதல் பிடிப்பு கிடைக்கும். அம்பாசடர், ஆம்னி போலப் பின் சக்கரம் இழுக்கும் வண்டியில் நியூட்ரலில் வைத்தால்தான் சக்கரம் சுற்றும். அங்கே கட்டையைத் தவிர வேறு காவல் இல்லை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும்.

டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயாலோ காற்றடித்தோ ஊதாதீர்கள். ஷூவின் மேல் பொருத்தியிருக்கும் தேய்பட்டைதான் லைனிங். பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது. உங்கள் காரில் எந்தக் காலத்து லைனிங் இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

## காலையில் முதல் இரண்டு மிதிக்கு மட்டும் கரகர

மழைக்காலத்திலும் கார் கழுவிய மறுநாளும் வரும். டிரம் வார்ப்பிரும்பு, ஓர் இரவு ஈரத்தில் மெல்லிய துரு படியும். நான்கைந்து தடவை பிரேக் பிடித்ததும் தேய்ந்து போய்விடும். பார்க்க ஒன்றுமில்லை.

புறப்படும்போது "டொக்" என்று ஒரு தடவை கேட்டு, கார் எதிலிருந்தோ பிய்த்துக்கொண்டு வருவதுபோல் இருந்தால், ஈரமாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. கழுவிய பிறகு ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை மிதித்துக் காயவைத்து நிறுத்துங்கள். சமதளமானால் கியரிலும் கட்டையிலும் நிறுத்தலாம். ஒட்டியதை விடுவிக்க ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிய்ப்பவர்கள் உண்டு. பழைய லைனிங் ஷூவை விட்டுப் பிரிந்து வருவது இப்படித்தான்.

பத்து நிமிடம் ஓடிய பிறகும் கரகர தொடர்ந்தால் "பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கரகர" என்ற தலைப்புக்குப் போங்கள்.

## மெதுவாகப் போய் பிரேக் பிடிக்கும்போது கீச்

சிக்னலில் நிற்கப் போகும் கடைசிப் பத்தடியில் மட்டும் கேட்பது. வெறும் தூசியாகவும் இருக்கலாம், ஆனால் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தூசி. டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். செலவு உங்கள் ஞாயிற்றுக்கிழமை.

லைனிங் பளபளப்பு. நல்ல லைனிங் கரும்பலகை மாதிரி மங்கலாக இருக்கும். கண்ணாடி மாதிரி மின்னினால் சூட்டில் இறுகிவிட்டது. முகக்கவசத்தோடு, தூள் பறக்காமல் ஈரமாக்கி, 80-ஆம் எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து மினுக்கத்தை எடுங்கள். விரிசல் தெரிந்தால் தேய்ப்பதில் பயனில்லை, மாற்ற வேண்டும். எதனால் சூடானது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் முழுதாக விடாததுதான்.

பேக் பிளேட்டில் காய்ந்த மேடைகள். பட்டறைகளில் அதிகம் விட்டுவிடுகிற இடம் இதுதான், என் அனுபவத்தில் கீச்சுக்குப் பாதிக் காரணமும் இதுதான். ஷூவுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில், ஒரு ஷூவுக்கு மூன்று வீதம் ஆறு சிறு மேடைகள் எழும்பியிருக்கும். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஷூவின் விளிம்பு அவற்றின் மேல்தான் வழுக்குகிறது. கிரீஸ் காய்ந்து இரும்பும் இரும்பும் உரசினால் கதவுக் கீல் மாதிரி கத்தும். ஷூவைக் கையால் மெல்ல விலக்கி அந்த இடத்தைப் பாருங்கள்: பளிச்சென்று தேய்ந்த ஒரு கோடு தெரியும். துருவைச் சுரண்டிவிட்டு, மேடைக்கு ஒரு நெல்மணி அளவு, பிரேக்குக்கென்று விற்கும் உயர்வெப்ப கிரீஸை வையுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸை அள்ளிப் பூசினால் சூட்டில் இளகி லைனிங்கில் இறங்கும். கீச்சுக்கு மருந்து போடப் போய் பிரேக்கையே இழப்பீர்கள். மேடையில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் கிரீஸ் சில நாள்தான் தாங்கும். அதை வெல்டிங் வைத்து நிரப்பித் தேய்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல பேக் பிளேட் கிடைத்தால் மாற்றுவது மேல்.

எண்ணெய் ஏறிய லைனிங். இதற்குக் கீழே தனித் தலைப்பு இருக்கிறது.

## பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கரகர, வேகம் எதுவானாலும்

ஓட்டுவதை நிறுத்துங்கள். இது காது கேட்டுப் பழகிக்கொள்கிற சத்தமல்ல.

எளிய காரணம் ஒன்று உண்டு: சரளைச் சாலையில் போனபோது டிரம்முக்கும் பேக் பிளேட்டுக்கும் இடையே புகுந்த கல். பின்னோக்கி நாலடி, முன்னோக்கி நாலடி என்று ஓட்டினால் சில நேரம் தானாக விழுந்துவிடும்.

விழவில்லையென்றால் லைனிங் தீர்ந்து ரிவெட்டோ ஷூவின் இரும்போ டிரம்மைச் சுரண்டுகிறது. கழற்றாமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பல கார்களில் பேக் பிளேட்டில் சின்ன ரப்பர் அடைப்பான் ஒன்று செருகியிருக்கும். அதைப் பிடுங்கி டார்ச் அடித்தால் லைனிங்கின் விளிம்பு தெரியும். 1 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். ரிவெட் அடித்த லைனிங்கில் இரும்பிலிருந்து அல்ல, ரிவெட்டின் தலையிலிருந்து கணக்குப் பாருங்கள்.

ஷூவை எப்போதும் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

டிரம்மின் உள்சுவரை விரலால் தடவுங்கள். மெல்லிய கோடுகள் பரவாயில்லை. நகம் இறங்கும் பள்ளம் இருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும். எவ்வளவு கடையலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அதிகபட்ச உள்விட்டத்தைப் பெரும்பாலான டிரம்மிலேயே பொறித்திருப்பார்கள். 180 மில்லிமீட்டர் டிரம்முக்கு 182 என்பதுபோல இருக்கும். துருவுக்கு அடியில் மறைந்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் எழுத்து தெரியும். அந்த அளவைத் தாண்டிய டிரம்மைக் கடைந்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். மெலிந்த டிரம் சூட்டில் விரியும், வெடிக்கவும் செய்யும். விரிசல் தெரிந்தால் பழைய இரும்புக்கடைக்கு.

## டிரம் கழன்று வரவில்லை

சத்தத்தைவிட அதிகம் பேரைத் தோற்கடிப்பது இதுதான் என்பதால் நடுவே சொல்லிவிடுகிறேன்.

அம்பாசடரில் இரண்டு திருகுகளைக் கழற்றினால் டிரம் தனியாக வரும். மாருதி 800-இல் பேரிங் டிரம்முக்குள்ளேயே இருப்பதால், நடுவில் உள்ள தகரத் தொப்பியைத் தட்டி எடுத்து, நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னை நிமிர்த்தி உருவி, கோட்டை மதில் போலப் பல் வெட்டிய நட்டைக் கழற்ற வேண்டும். திரும்பப் போடும்போது பழைய பின்னை நிமிர்த்திப் போடுகிற கஞ்சத்தனம் வேண்டாம். நட்டை எவ்வளவு இறுக்குவது என்பது காரின் பணிமனைக் கையேட்டில் இருக்கும். அளந்து இறுக்கும் ஸ்பேனர் இல்லாதவர் இந்த வேலையைத் தொடவே கூடாது. கழன்றுபோனால் சக்கரத்தோடு போகும்.

எல்லாம் கழற்றியும் அசையவில்லையா? ஷூ டிரம்மின் உள்விளிம்பில் மாட்டியிருக்கிறது. டிரம் தேய்ந்து ஓரத்தில் ஒரு வரப்பு எழும்பியிருக்கும். ஷூ அந்த வரப்புக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிளை அதன் சரிசெய்யும் நட்டில் முழுதாகத் தளர்த்துங்கள். பிறகு பேக் பிளேட்டின் துளை வழியாகத் திருப்புளியை விட்டு உள்ளிருக்கும் ஹேண்ட் பிரேக் நெம்புகோலைத் தள்ளினால் ஷூ இன்னும் கொஞ்சம் சுருங்கும். சில டிரம்களின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட்டை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். அடிப்பதானால் மரச் சுத்தியல் அல்லது ரப்பர் சுத்தியல். இரும்புச் சுத்தியலால் விளிம்பில் அடித்து வார்ப்பிரும்பை உடைத்ததை மாமாவின் காரில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டேன். நீங்களும் செய்து பார்க்கத் தேவையில்லை.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். ஸ்பிரிங் எங்கே மாட்டியது என்று மறந்துபோனால் மறுபக்கத்தைத் திறந்து பார்க்கலாம். போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

## பிரேக் மிதிக்காமலே, சக்கரம் சுற்றும் கணக்கில் சரக்... சரக்...

வேகம் கூடினால் இடைவெளி குறையும். பிரேக் மிதித்தால் மாறும் அல்லது நின்றுபோகும். சக்கரத்தைத் தூக்கிவிட்டுக் கையால் சுற்றுங்கள்.

சுற்று முழுவதும் உரசினால், ஷூ விலகவில்லை. ஹேண்ட் பிரேக் கைப்பிடியைக் கீழே இறக்கிவிட்டு, பேக் பிளேட்டுக்குப் பின்னால் கேபிள் நுழையும் இடத்தில் கேபிளைக் கையால் இழுத்து விடுங்கள். ஸ்பிரிங் போலத் துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கேபிளை டிரம் பக்கத்திலிருந்து கழற்றிவிட்டு நெம்புகோலை மட்டும் ஆட்டுங்கள். அது தாராளமாக ஆடினால் குற்றவாளி கேபிள். அதுவும் இறுகியிருந்தால் ஷூவில் பொருத்தியிருக்கும் நெம்புகோலின் அச்சில் துரு. அச்சைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கலாம். கேபிளுக்கு எண்ணெய் விட்டு ஓட்டுவது கடலோர ஊர்களில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. புதுக் கேபிள் வாங்கிவிடுங்கள். என் இரண்டு செட் ஷூவைத் தின்றது இந்தக் கேபிள்தான் என்பதால் கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன்.

கேபிளும் அச்சும் சரி என்றால் சத்தத்துக்குக் காரணம் மிகையாக இறுக்கிய ஷூ. அம்பாசடரில் பேக் பிளேட்டில் துருத்திக்கொண்டிருக்கும் சதுரத் தலையை, சக்கரம் நிற்கும்வரை திருப்பி, பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும்வரை ஓரிரு சொடுக்கு தளர்த்த வேண்டும். தானாகச் சரிசெய்துகொள்ளும் பிரேக்குகளில் அந்த வேலையைச் செய்யும் பல் சக்கரம் துருவில் இறுகியிருக்கும். இடது பக்கத்து உறுப்பை வலது பக்கம் போட்டாலும் வேலை செய்யாது, எனவே இரண்டையும் கலக்காதீர்கள்.

ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் உரசினால், முதலில் பேக் பிளேட்டின் விளிம்பு நெளிந்து டிரம்மைத் தொடுகிறதா என்று பாருங்கள். கட்டிங் பிளையரால் நிமிர்த்தினால் போதும். விளிம்பு சரியென்றால் டிரம் வட்டம் தப்பி முட்டை வடிவத்துக்கு வந்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கி, கொதிக்கும் டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினால் இப்படி ஆகும். பிரேக் மிதிக்கும்போது பெடல் காலைத் தட்டினால் உறுதி. லேத் அல்லது புது டிரம்.

இந்தச் சத்தத்தோடு கருகல் வாடையும் இருந்தால் ஒரு சிறு பயணத்துக்குப் பிறகு இரண்டு பின் சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் பழுது எந்தப் பக்கம் என்று விசாரிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் அடித்தால் கைப்பிடிக்கு அருகில் உள்ள பொதுவான கேபிளைப் பாருங்கள்.

## ஷூ மாற்றிய பிறகு புதிதாக வந்த சத்தம்

இதற்குத்தான் பட்டறையில் "கொஞ்ச நாள் ஓட்டுங்கள், சரியாகிவிடும்" என்பார்கள். பாதி நேரம் அது உண்மை. புது லைனிங்கின் வளைவும் தேய்ந்த டிரம்மின் வளைவும் ஒன்றாகப் பொருந்த இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை மெல்லிய உரசல் இருக்கும்.

ஷூவின் முனைகள் மட்டும் டிரம்மைத் தொட்டால் நீளமாகக் கீச்சிடும். கழற்றிப் பார்த்தால் லைனிங்கின் இரு நுனிகளில் மட்டும் பளபளப்பு தெரியும், நடுவில் தொட்ட அடையாளமே இருக்காது. நுனிகளை அரத்தால் சாய்வாகத் தேய்த்துவிட்டால் அடங்கும்.

இன்னொன்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. மைத்துனரின் ஆம்னிக்குப் புது ஷூ போட்டு, டிரம்மையும் லேத்தில் கடைந்தோம். மறுநாளிலிருந்து மெதுவாகப் பிரேக் பிடித்தால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம். விட்டு மிதித்தால் மறுபடி "டக்". ஸ்பிரிங்கை மாற்றினோம், பின்னை மாற்றினோம், போகவில்லை. கடைசியில் டிரம்மை வேறொரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் டிரம்மை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து உள்சுவரில் நகத்தை ஓட்டினார். "தம்பி, இது டிரம் இல்லை, நட்டு. உள்ளே மரை ஓடுகிறது" என்றார். அவசரமாகக் கடைந்ததில் கத்தி இசைத்தட்டின் பள்ளம் மாதிரி ஒரு சுருள் கோட்டை விட்டுப் போயிருந்தது. பிரேக் மிதித்ததும் ஷூ அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பேக் பிளேட்டை விட்டு வெளியே ஏறுகிறது. ஸ்பிரிங் பொறுக்க மாட்டாமல் அதைத் திரும்ப அடிக்கிறது. அந்த அடிதான் "டக்". 80-ஆம் எண் உப்புத்தாளால் கோடுகளுக்குக் குறுக்காகப் பத்து நிமிடம் தேய்த்தார், சத்தம் போய்விட்டது. லேத்திலிருந்து வரும் டிரம்மை இப்போதெல்லாம் நகத்தால் சோதிக்காமல் பணம் கொடுப்பதில்லை.

டிரம் கடையாமலே "டக்" வந்தால், ஷூவை பேக் பிளேட்டோடு அழுத்திப் பிடிக்கும் பின்னும் ஸ்பிரிங்கும் விட்டிருக்கலாம். நெருக்கடியில் ஒன்று தவறி உருண்டு போவது அடிக்கடி நடக்கும். அம்பாசடரிலும் ஆம்னியிலும் பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் யூ போல்ட் தளர்ந்தாலும் இதே சத்தம் வரும். ஆனால் அது பிரேக்கில் மட்டுமல்ல, வேகத்தடையிலும் கேட்கும். ஷாக் அப்சார்பர் புஷ்ஷும் அப்படித்தான்.

## டிரம்முக்குள் ஈரம்

கீச் சத்தம், பிரேக் சட்டென்று கவ்வுதல், ஒரு பக்கம் இழுத்தல் மூன்றும் சேர்ந்து வந்தால் உள்ளே ஏதோ ஒழுகுகிறது. சக்கரத்தின் உட்புறம், டயரின் பக்கவாட்டில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்னி, அம்பாசடர் போன்ற வண்டிகளில் இரண்டு சந்தேக நபர்கள் உண்டு: ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டரிலிருந்து வரும் பிரேக் ஆயில், ஆக்ஸில் சீலைத் தாண்டி வரும் கியர் ஆயில். எது என்று தெரியாமல் பொருள் வாங்கக் கூடாது.

சோதனை எளிது. ஒரு தம்ளர் தண்ணீரில் அந்த ஈரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். பிரேக் ஆயிலானால் தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். கியர் ஆயில் மேலே வட்டமாக மிதக்கும். கந்தக வாடையும் வீசும். மாருதி 800-இல் பின்னால் ஓட்டும் ஆக்ஸில் இல்லாததால், உள்ளே ஈரம் என்றால் பெரும்பாலும் பிரேக் ஆயில்தான். பேரிங் கிரீஸ் இளகி வந்திருந்தால் பிசுபிசுப்பே சொல்லிவிடும்.

வீல் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறையின் உதட்டைத் திருப்புளியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சொட்டு நின்றால் சிலிண்டர் போய்விட்டது. ரப்பர் கிட் மட்டும் மாற்றலாம் என்பார்கள். உள்சுவரில் துருக் குழி இருந்தால் புது ரப்பரும் சில மாதத்தில் கிழியும். ஓடாமல் நிற்கும் கார்களில் இது அதிகம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் சிலிண்டருக்குள்ளேயே துருவாகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டிக் கொடுக்கும் வழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அன்றைக்குப் பிடிக்கும். உள்ளே ஊறிய எண்ணெய் அடுத்த சூட்டில் மேலே வரும். ஷூ செட்டை மாற்றிவிடுங்கள்; ஒழுகலை நிறுத்தாமல் மாற்றுவதிலும் பயனில்லை.

## வேகம் கூடக்கூட ஊ... என்று முழக்கம்

பிரேக் மிதித்தாலும் விட்டாலும் மாறாது. பேரிங். சாலை வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடி மறுபக்கம் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். சுற்றும்போது சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் விரலை வைத்தால் மணல் அரைபடுவதுபோல் அதிர்வு வரும். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது பேரிங்கைப் பாதி உயிரோடு புதைப்பதற்குச் சமம். அழுத்தி ஏற்றும் இயந்திரம் உள்ள இடத்தில் கொடுங்கள்.

## மெக்கானிக்கிடம் விட வேண்டிய நேரம்

பெடல் மிதிக்க மிதிக்கக் கீழே இறங்கினால் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள், அல்லது இழுத்துச் செல்லுங்கள். பிரேக் ஆயில் அளவு குறைந்துகொண்டே வந்து ஒழுகல் எங்கே என்று தெரியாவிட்டாலும் அப்படியே. அடியில் ஓடும் இரும்புக் குழாயைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துரு செதில் செதிலாக வந்தால் அது உங்கள் வேலையோ என் வேலையோ அல்ல. வீல் சிலிண்டர் மாற்றினால் குழாயில் காற்று எடுக்க வேண்டும். அதற்குப் பெடலில் ஒருவர், சக்கரத்தில் ஒருவர் என்று பழகிய இரண்டு பேர் தேவை. ஆக்ஸில் சீல், பேரிங், லேத் மூன்றும் கூலி கொடுத்துச் செய்ய வேண்டியவை.

போகும்போது "பின்னால் சத்தம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஹேண்ட் பிரேக் இழுத்தாலும் வருகிறது, இடது சக்கரம் சூடாகிறது, கேபிளைக் கழற்றினால் நின்றுவிடுகிறது" என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

## மூடிய பிறகு

கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே பெடலைப் பத்துப் பதினைந்து முறை மிதித்தால் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஷூ தன் இடத்துக்கு வரும். ஹேண்ட் பிரேக் கேபிளை அதற்குப் பிறகுதான் இறுக்க வேண்டும்; முன்பே இறுக்கினால் ஷூ தன் அளவுக்கு வராது, நீங்கள் மறுபடியும் சரக்... சரக்... தலைப்புக்கு வந்து சேர்வீர்கள். இரண்டு சக்கரமும் கையால் தள்ளினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். தெருவுக்குள்ளேயே நடக்கும் வேகத்தில் மூன்று தடவை நிறுத்திப் பார்த்த பிறகு பெரிய சாலைக்குப் போங்கள். மறுநாள் காலை பிரேக் ஆயில் டப்பாவின் கோட்டையும், 50 கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தரையில் விரித்த பழைய செய்தித்தாளில் ஸ்பிரிங் ஏதாவது மிச்சம் கிடந்தால், டிரம்மைத் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.